சங்கிலிநத்தத்து முதுகுகள்

சங்கிலிநத்தத்தில் ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, பால்காரர் வந்து போன பிறகும் பேப்பர் வருவதற்கு முன்னும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், செல்போன் வைத்திருந்த அத்தனை பேர் முதுகிலும் ஒட்டுமுள் முளைத்திருந்தது. நாயுருவிச் செடிக்குள் புகுந்து வந்தால் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே பருமன், அதே பிடிவாதம். போன் வாங்கிய நாளிலிருந்து யார் யார் எந்தெந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்களோ, பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு முள் என்று, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, சொந்தக் கை எந்தப் பக்கம் வளைந்தாலும் எட்டாத அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் அது அடர்ந்திருந்தது. சட்டையைக் கழற்றினால் தோலுக்கு வந்தது, சட்டையைப் போட்டால் சட்டைக்கு வந்தது, குளித்தால் நனைந்துகொண்டு அப்படியே இருந்தது. வேறொருவர் கை பட்டுப் பிடுங்கினால் மட்டுமே வந்தது. வரும்போதும் சும்மா வராமல், தான் எதற்காக ஒட்டியதோ அதைப் பிடுங்கியவருக்கும் முதுகுக்குச் சொந்தக்காரருக்கும் கேட்கும்படி மெல்லிய குரலில் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தூளாக உதிர்ந்தது.

டவுன் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தால் வாயைப் பிளக்கிற ஊர், இதற்கு வாயைப் பிளக்கவில்லை. நேராகப் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடையும் நெட் சென்டரும் வைத்திருக்கும் எஸ்தரிடம் போய் நின்றது. எஸ்தர், ஊரில் எல்லாருடைய ஆதார் கார்டையும் திருத்திக் கொடுத்தவள், அதனால் எல்லாரையும் திட்டும் உரிமை அவளுக்கு உண்டு.

"இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல," என்றாள். "நீங்க எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் அது உங்க போனுல ஒரு குறிப்பு எழுதி வச்சிட்டுத்தான் போகும். குக்கீஸ்னு பேரு. அடுத்த தடவ போனா, அன்னைக்கு வந்த ஆளு இவருதான்னு அடையாளம் கண்டுக்கிறதுக்கு. அப்பப்ப செட்டிங்ஸ்ல போயி அழிச்சிருங்க, அழிச்சிருங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? ஒருத்தராச்சும் கேட்டீங்களா? இப்பப் பாருங்க, போனுல எடம் பத்தாம முதுகுக்கு வந்துருச்சு."

அன்று முழுக்க எஸ்தர் கடையில் ஊரே வரிசையில் நின்று போனை நீட்டி அழித்துக்கொண்டது. அதோடு புது முள் முளைப்பது குறைந்தது, அதன் பிறகு பார்த்ததற்கு மட்டும் ஒன்றிரண்டு முளைத்தது. ஆனால் ஏற்கெனவே முதுகுக்கு ஏறிவிட்டது ஏறியதுதான், அதைச் செட்டிங்ஸில் அழிக்க முடியவில்லை.

முள்ளில் மூன்று சாதி இருந்தது. பச்சை முள், அவரவர் தாமாகப் போய்ப் பார்த்த இடத்தினுடையது. சாம்பல் முள், போன இடத்தில் ஏற்கெனவே காத்திருந்து, கூப்பிடாமலேயே பின்னால் தொற்றிக்கொண்டு வந்தது. எலக்ட்ரிக் கடை தவசி ஒரே ஒரு தடவை குக்கர் விலை பார்த்த பாவத்துக்குப் பதினோரு கம்பெனியின் சாம்பல் முள் அவர் முதுகில் உட்கார்ந்து, யாரும் பிடுங்காமலேயே, அவர் துக்க வீட்டில் மாலையோடு நின்றபோதுகூட, "குக்கர் வேணுமா, குக்கர் வேணுமா" என்று முனகியது. கறுப்பு முள், பாஸ்வேர்டு மாதிரி இரகசியத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது, அரிது, ஆனால் அதுதான் ஆபத்து. தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் அழகுசுந்தரம் முதுகிலிருந்த ஒரு கறுப்பு முள், பஸ் ஸ்டாண்டு நடுவில் அவருடைய பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக உரக்கச் சொன்னது. பாஸ்வேர்டு மல்லிகா ஒன்று இரண்டு மூன்று. அவர் மனைவி பெயர் தனக்கொடி. பாஸ்வேர்டை அவர் அன்றே மாற்றிவிட்டார், வீட்டு நிலைமை மாற ஆவணி வரை ஆயிற்று.

ஊர் முதுகைக் காட்டாமல் வாழப் பழகிக்கொண்டது. ரேஷன் கடை வரிசை நண்டு மாதிரி சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. கோயில் வில்லுப்பாட்டில் கடைசி வரிசைக்கு அடிதடி நடந்தது, முன் வரிசையில் போனே வைத்திராத பூசாரி மட்டும் உட்கார்ந்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே பார்த்துக்கொண்டே நடந்ததில், பல வருஷத்துக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஜவுளிக்கடைக்காரர் மட்டும் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று முதுகில் தட்டி வரவேற்க வைத்தார். தட்டுகிற தட்டில் இரண்டு முள்ளாவது அந்த ஆள் கைக்குப் போயிற்று, யார் எந்தச் சேலை தேடினார்கள் என்று கடைக்குத் தெரிந்தது. இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. முள்ளை யாராவது எடுத்துவிட வேண்டும், ஆனால் எடுப்பவர் காதில் விழக்கூடாது.

"நம்ம குருவம்மா மதினிக்குத்தான் காது கேக்காதே!" என்று எஸ்தர் கடையில் வைத்து வார்டு மெம்பர் ராசுக்குட்டி சொன்னபோது, ஊர் தன் தலையில் தானே தட்டிக்கொண்டது.

குருவம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பத்து மூன்று வயது, ரவிக்கை தைப்பவள், 'சீனி சவுண்ட் சர்வீஸ்' சீனிச்சாமியின் மனைவி. மைக் செட் சாமான்கள் அடைத்த கடையின் முன்பாதியில் அவள் தையல் மெஷின் இருந்தது. அவளுக்குக் காது கேட்காது என்பது ஊருக்கே தெரியும். நன்றாகக் கேட்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

சீனிச்சாமி நல்ல மனிதர். வாய் மட்டும் மூடாது. மைக்கில் ஊருக்கே பேசிவிட்டு வந்து வீட்டிலும் மிச்சத்தைப் பேசுவார், சோற்றைப் பிசையும்போது பேசுவார், வாயில் போட்ட பிறகும் பேசுவார், சொன்னதை "அதாவது நா என்ன சொல்ல வர்றேன்னா" என்று மறுபடி முதலிலிருந்து சொல்வார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், முத்தாலம்மன் பொங்கலுக்கு வீட்டு வாசல் வேப்பமரத்தில் ஒன்பது குழாய் ஸ்பீக்கர் கட்டி மூன்று நாள் ராப்பகலாக அலற வைத்தார். நான்காம் நாள் காலையில் பாட்டு நின்று, உலகத்தில் குக்கூ என்கிற குயில்கூட இருக்கிறது என்று குருவம்மாள் கண்டுபிடித்த அந்த நிமிஷத்தில், பின்னாலிருந்து அவர் ஆரம்பித்தார். அவள் திரும்பவில்லை. திரும்பினால் குயில் போய்விடும். அவர் மூன்று தடவை கூப்பிட்டார், கத்தினார், கை தட்டினார், அவள் கொத்தமல்லி நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு போனால் போகிறதென்று திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை, தன் செட்டால் பெண்டாட்டிக்குக் காது போய்விட்டதென்று தெருவெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தார். இனி இல்லையென்று சொன்னால் அவர் மானம் போகும். இன்று ஒரு நாள் இப்படியே இருப்போம் என்று நினைத்தாள். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

அதன் பிறகு சீனிச்சாமி அவளிடம் பேசுவதில்லை, கையால் காட்டுவார். வெளியே போய், "எங்க வீட்டுல சண்டையே கெடையாதுய்யா" என்று சிரித்துக்கொள்வார். தன்னால் காது போனதென்று அழுததை அவர் எப்போதோ மறந்து நிம்மதியாகிவிட்டார் என்றுதான் குருவம்மாள் நினைத்திருந்தாள். அவளும் நிம்மதியாக இருந்தாள். முகத்துக்கு நேரே நின்று கத்தினால் பதில் சொல்வாள், வாயசைவைப் படிக்கிறாள் என்று ஊர் மெச்சியது.

முதலில் வந்தது ராசுக்குட்டிதான். கவிழ்த்துப் போட்ட ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குருவம்மாள் ஊசி முனையால் நெம்பி நகத்தால் பிடித்து இழுத்தாள். "ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாக," என்றது முதல் முள். "மேடையில் நடுங்காமல் பேசுவது எப்படி," என்றது இரண்டாவது. குருவம்மாள் பற்களுக்கு நடுவே நூலைக் கடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து முள் எடுக்கும்போதெல்லாம் நூல் கடிப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. சிரிப்பு வந்தால் நூல் அறுந்தது. அந்த ஆடி மாதம் ஒரு கண்டு நூல் செலவாயிற்று.

ராசுக்குட்டிக்கு அவள் ஒன்று விடாமல் துடைத்து எடுத்துவிட்டாள். அது தப்பாகப் போயிற்று, எஸ்தர் சொன்ன அந்த அடையாளமும் முள்ளோடு போய்விட்டது. சுத்தமான முதுகோடு அவர் டீக்கடைக்குப் போனால், பதினைந்து வருஷமாகச் சொல்லாமலே டீ போட்டவர், "சார் ஊருக்குப் புதுசுங்களா, சக்கர போடலாமா?" என்று கேட்டார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, அவருக்கும் அவர்களைத் தெரியாது என்பதால் அது பெரிதாகத் தோன்றவில்லை. வீட்டில்தான் மனைவி கதவுச் சங்கிலியை எடுக்காமல் நின்றாள்.

"யாருங்க? அவரு வெளிய போயிருக்காரு."

"ஏத்தா, நாந்தான்! ராசுக்குட்டி!"

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. நம்ம கல்யாணத்தன்னைக்கு எந்தம்பி எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனான், சொல்லுங்க பாப்போம்."

"பாயசம் அவனுக்கு ரெண்டாந்தடவ ஊத்தலன்னு!"

சங்கிலி விலகியது.

அதற்குப் பிறகு குருவம்மாள் எல்லாரிடமும், "பூராத்தையும் எடுக்கவா, சாம்பலும் கறுப்பும் மட்டும் எடுக்கவா?" என்று கேட்டே தொடங்கினாள். வீட்டுக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று, வேலை பார்க்கிற இடத்துக்கு ஒன்று என்று மூன்று பச்சையை விட்டுவைப்பது ஊர் வழக்கமாயிற்று. எண்ணெய்க் குளியலுக்கு உள்ள கிழமையே இதற்கும் ஏற்பட்டது, செவ்வாய் வெள்ளி பெண்கள், புதன் சனி ஆண்கள். தலைக்குக் குளித்து ஈரம் காயக் காயக் கடைக்கு எதிரிலிருக்கும் பாலத்துத் திண்டில் வந்து உட்கார்ந்து, முறை வரும்போது எழுந்து வந்தார்கள். வந்தவர்கள் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ கொண்டுவந்து வைத்தார்கள்.

சைவ மெஸ் வைத்திருக்கும் பிள்ளைவாள் நாட்டுக்கோழிச் சுக்கா செய்முறையை முப்பத்தேழு தடவை பார்த்திருந்தார். ஜோசியர் தன் ராசிக்கு இந்த வாரம் எப்படி என்று தவறாமல் வேறு ஜோசியரிடம் பார்த்திருந்தார். ஊர்ப் பாம்புகளையெல்லாம் கையால் பிடிக்கிற இருளப்பன், "கரப்பான்பூச்சியைக் கண்டு பயப்படாமல் இருக்க" என்று கேட்டிருந்தான். நாலு தெருவுக்குக் கேட்கச் சண்டை போடும் மாவு மில் சடையம்மாள், "வளர்ந்த மகன் ஏன் போன் எடுப்பதில்லை" என்று கேட்டிருந்தாள், அன்றைக்கு நூல் வேறு காரணத்துக்காக அறுந்தது. இத்தனை வருஷம் வெறும் இரைச்சல் என்று ஒதுக்கி வைத்திருந்த ஊர் இப்படி வெள்ளந்தியாக இருக்கும் என்று குருவம்மாள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு எல்லார் மீதும் பிரியம் வந்தது, கூடவே பயமும் வந்தது. முன்பு தன் பொய் வெளிப்பட்டால் தன் நிம்மதிதான் போகும். இப்போது ஊர் மானமே போகும், அவளை ஊரில் இருக்க விடமாட்டார்கள்.

முள் எடுக்க வராத ஒரே ஆள் சீனிச்சாமி. ஆடி பிறந்ததிலிருந்து தோளில் கனத்த துண்டைப் போர்த்திக்கொண்டு, செட்டைச் சோதிக்கிறேன் என்று காலை முதல் சாயங்காலம் வரை பாட்டை அலற வைத்துக்கொண்டிருந்தார்.

ஆடி கடைசிச் சனிக்கிழமை மத்தியானம், பாலத்துத் திண்டில் பதினோரு பேர் காத்திருக்கும்போது, அவர் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"நாளைக்கு மதுரைக்குப் போறேன், பஸ்ஸுல எவனாச்சும் பிடுங்குனா வம்பு," என்று ராசுக்குட்டியிடம் சொன்னார். "வீட்டுலயே எடுத்துருவோம். இவளுக்குத்தான் கேக்காதுல்ல." பிறகு குருவம்மாளைப் பார்த்து, பிடுங்குவது மாதிரி கையால் காட்டிவிட்டுப் பெட்டியில் உட்கார்ந்து துண்டை எடுத்தார்.

துண்டுக்கு அடியிலிருந்து இருபது முப்பது சாம்பல் முள் ஒரே குரலில், "காது மிஷின் வேணுமா, காது மிஷின் வேணுமா" என்று முனகியது. குருவம்மாள் அதையெல்லாம் முதலில் வழித்துப் போட்டாள். அடியில் பச்சை இருந்தது. அவள் நூலைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"குழாய் ஸ்பீக்கர் சத்தத்தில் போன காது திரும்ப வருமா."

"மனைவி காது போனதற்குக் கணவன் காரணமானால் என்ன செய்வது."

"காது ஆபரேஷன் மதுரையில் எங்கே நன்றாகச் செய்வார்கள்."

"சைகை மொழி, முதல் பாடம்."

"சைகை மொழியில் மன்னித்துக்கொள் என்று சொல்வது எப்படி."

கடைசியாகச் சொன்னது ஒரு முள் இல்லை, ஒரு கொத்து. ஏதோ வெளிநாட்டுப் பாடத்தைப் பார்த்திருக்கிறார். கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சில் வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முள்ளும் விளக்கிச் சொன்னது. குருவம்மாளின் கை நின்றுவிட்டது. நாலைந்து வருஷமாக அவர் மாதம் ஒரு தடவையாவது எதிரில் வந்து நின்று, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நெஞ்சைத் தேய்ப்பார். வாய்வு பிடித்திருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் அவள் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். அவரும் அதைக் குடித்துவிட்டுப் போவார்.

இன்னும் ஒரு முள் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்தாள். "பழைய மைக் செட் மொத்தமாக எடுத்துக்கொள்பவர்கள், மதுரை," என்றது.

ஆம்பிளிஃபயரைத் துடைக்கும் துணியைக்கூட வேறு யாரையும் தொடவிடாத மனிதர். நாளைக்கு எதற்கு மதுரைக்குப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. எதிரே பதினோரு பேர் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவரின் இரகசியமும் அவள் காதில் இருந்தது. நூல் எப்போது அறுந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க," என்றாள். "செட்ட விக்காதீங்க."

சீனிச்சாமி திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். "யாரு சொன்னா?"

"முள்ளு சொல்லுச்சு."

"ஒனக்குக் கேட்டுச்சா?" இவ்வளவு மெதுவாக அவரால் பேச முடியும் என்று ஊருக்கே அன்றுதான் தெரியும்.

"கேட்டுச்சு."

"எப்ப இருந்து?"

"எப்பவும் கேக்கும்ங்க. என்னைக்குமே போகல."

அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் நடந்து போனார். பாலத்துத் திண்டில் ஜோசியர் கையைப் பின்னால் கட்டி முதுகை மறைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து சந்துக்குள் போனார். பிள்ளைவாள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ஐந்தே நிமிஷத்தில் திண்டு காலியாக இருந்தது, பத்து நிமிஷத்தில் ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது.

சாயங்காலம் எஸ்தர் கடையில் ஊர் கூடியது. குருவம்மாளை என்ன செய்யலாம் என்று யோசித்தது. ஏமாற்றிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். என்ன கேட்டுவிட்டாள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்வோம் என்று ராசுக்குட்டி சொன்னதும், ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. மாவு மில் சடையம்மாள்கூடத் திறக்கவில்லை.

"ஒரு மாசமா அம்புட்டையும் கேட்டிருக்காங்க," என்றாள் எஸ்தர், ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு. "யாரப் பத்தியாச்சும் ஒரு சொல்லு வெளிய வந்திருக்கா? நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. நா அஞ்சு வருஷமாக் கடை வச்சிருக்கேன், என் கம்ப்யூட்டர்கூட இப்பிடி இருந்ததில்ல."

ஊர் நினைத்துப் பார்த்தது. ஒன்றும் வந்திருக்கவில்லை. அதைச் சரியென்று ஒத்துக்கொள்ளவும் மனமில்லாமல், தப்பென்று சொல்லவும் முடியாமல் கலைந்து போனது.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஒருவரும் வரவில்லை. சீனிச்சாமி மதுரைக்குப் போகவில்லை, பாட்டும் போடவில்லை, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். வாயே ஓயாத மனிதர் நான்கு நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. குருவம்மாள் கேட்க ஆசைப்பட்ட நிசப்தம் முழுசாகக் கிடைத்தது. அவளால் அதில் ஒரு ரவிக்கைகூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை, இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தாள்.

புதன்கிழமை காலையில் ராசுக்குட்டி ஈரத் தலையோடு வந்து நின்றார்.

"மதினி, பூராத்தையும் கேட்டீங்களா?"

"கேட்டேன் தம்பி."

"அந்த மொத முள்ளு..."

"கேட்டேன். துத்தி இலைய வெளக்கெண்ணெயில வதக்கிச் சாப்புடுங்க. ஒரு மாசமாச் சொல்ல முடியாமத் தவிச்சுப் போனேன்."

ராசுக்குட்டி அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு பெட்டியில் உட்கார்ந்து முதுகைக் காட்டினார். அவரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைவாள் செருப்பு எடுக்க வந்தவர் மாதிரி வந்து திண்டில் உட்கார்ந்தார், பின்னாலேயே இருளப்பன் வந்தான், மத்தியானத்துக்குள் திண்டு நிறைந்தது. இப்போது முள் எடுப்பதோடு யோசனையும் கிடைத்ததால் ஆளுக்கு அரைமணி நேரம் பிடித்தது.

எல்லாரும் போன பிறகு சீனிச்சாமி வந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குருவம்மாள் தையல் மெஷினை நிறுத்தினாள். அவளே போய் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து, தோளில் இழுத்துச் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டினாள். அவளிடமும் ஒரு போன் இருந்தது. அவள் முதுகிலும் முள் இருந்தது. ஊரில் ஒருவருக்கும் அதை எடுத்துவிடலாமா என்று கேட்கத் தோன்றியிருக்கவில்லை.

"நீங்க எடுங்க," என்றாள்.

ரவிக்கை மாடல் பார்த்த நாலைந்து போக, மற்றதெல்லாம் ஒரே மாதிரிப் பச்சை. சாம்பல் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அவள் கேட்ட கேள்விக்கு விற்பதற்கு எந்தக் கம்பெனியிடமும் எதுவும் இல்லை. சீனிச்சாமி தடித்த விரலால் ஒன்றைப் பிடித்து இழுத்தார்.

"காது கேட்காத மாதிரி நடித்ததை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது."

அடுத்ததை இழுத்தார். அதுவும் அதையேதான் சொன்னது. அதற்கு அடுத்ததும் அதையே. ஒன்று மட்டும், "அவர் மனசு நோகாமல்" என்று கூடச் சேர்த்துச் சொன்னது. பதினைந்தாவதோ இருபதாவதோ எடுத்த பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"இம்புட்டுத் தடவ அதுகிட்டப் போயிக் கேட்டிருக்க. ஒரே ஒரு தடவ என்னையக் கூப்புட்டிருக்கலாம்ல?"

"கூப்புட்டா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்களே."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அதாவது நா என்ன சொல்ல வர்றேன்னா," என்று ஆரம்பித்தார்.

முதலில் முள்ளை எடுத்துக்கொண்டே பேசினார், அப்புறம் எடுக்க மறந்து பேசினார், எந்த ஊர்த் திருவிழாவில் எந்த ஒயர் எரிந்தது, எந்தப் பாட்டைப் போட்டதற்கு எந்தத் தலைவர் மேடையை விட்டு இறங்கிப் போனார், அவர் அம்மா சாகும்போது கடைசியாக என்ன சொன்னாள், அவளிடம் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த பத்தொன்பது வருஷத்தையும் ஒன்று விடாமல், சொன்னதையே மறுபடி முதலிலிருந்தும் சொன்னார். குருவம்மாளுக்குத் தலை வலித்தது. முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம், அவருக்குக் கேட்கும்படி, "ம்" கொட்டினாள்.